கூட வந்தவர்

போன தடவ வந்த பொண்ணு நீங்க இல்லியே? அது ஒல்லியா, கண்ணாடி போட்டிருக்கும். அது வரலியா? வராது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரும்? உக்காருங்கம்மா, உங்களச் சொல்லல. நீங்க சம்பளத்துக்கு வேல பாக்குறவுக. அந்தச் சேர்ல வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. வீட்ல இப்ப நான் மட்டும்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போயாச்சு. வீட்டுக்காரி மாவு அரைக்கக் குடுக்கணும்னு பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கா. நடந்துதான். கொண்டுபோய் விடுறேன்னேன். வேண்டாம்னுட்டா.

நாலு பாரமும் ரெடியா இருக்கு. வீட்ல இருக்கிற ஒவ்வொரு ஆளும் ஒரு வாரத்துல எங்க போனாங்க, எதுல போனாங்க, எதுக்குப் போனாங்க, கூட யாரு போனாங்க. அதான உங்களுக்கு வேணும்? மதுரைக்கு ரோடு வரணும், பஸ்ஸு வரணும்னு எடுக்குறீங்க. எடுங்க. நல்ல காரியந்தான். ரோடு வருதோ இல்லியோ, என் வீட்டுக்குள்ள ஒரு பள்ளத்தத் தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டீங்க.

சொல்றேன், கேளுங்க. அவசரமில்லையே? இந்த வெயில்ல அடுத்த வீட்டுக்குப் போயி என்ன செய்யப் போறீங்க.

என் பேரு சௌந்தரபாண்டியன். முப்பத்தோரு வருசம் மில்லுல டைம் ஆபீஸ் பாத்தவன். ஆயிரத்து எரநூறு பேரு எப்ப உள்ள வந்தான், எப்ப வெளிய போனான், எல்லாம் என் கையிலதான். ஒருத்தன் ரெண்டு நிமிசம் பிந்தி வந்துட்டு சைக்கிள் பஞ்சருன்னு சொன்னா, எந்திரிச்சுப் போயி டயரத் தொட்டுப் பாத்துருவேன். அப்பேர்ப்பட்ட ஆளு நான். என் வீட்டுக்குள்ளயே ஒருத்தி ஒரு வருசமா வெளிய போயி உள்ள வந்திருக்கா, எனக்குத் தெரியல. இத நான் யார்கிட்டச் சொல்ல? மில்லு ஆளுகளுக்குத் தெரிஞ்சா சிரிச்சே செத்துருவாய்ங்க. உங்ககிட்டச் சொல்லலாம். சொல்றத வெளிய விடமாட்டோம்னு பாரத்துலயே அச்சடிச்சிருக்கீங்க, படிச்சிட்டேன்.

வெளிய அந்தப் பச்சை ஸ்கூட்டரப் பாத்தீங்களா? பக்கத்துல தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்கிறது காரு. அதுக்கு அப்புறம் வர்றேன். அந்த ஸ்கூட்டரு எங்களுக்குக் கல்யாணமாகி நாலாம் மாசம் வாங்குனது. இந்தத் திருநகர்ல பாதிப் பேருக்கு அது சத்தத்த வச்சே மணி தெரியும். தமயந்தி, அதான் என் வீட்டுக்காரி, இந்த ஊர்ல எங்க போனாலும் அதுலதான் போனா. கோயிலு, ஆஸ்பத்திரி, கல்யாணவீடு, கருமாதிவீடு, எங்கயும். மகன் செந்தில்வேல் பொறக்கையில வலி எடுத்துச்சு, அதுலதான் கூட்டிட்டுப் போனேன். "பைய போங்க, பைய போங்க"ன்னு கத்துனா. பையப் போயிருந்தா பழங்காநத்தம் ரோட்டுலதான் பெத்திருப்பா. அப்புறம் பையன் முன்னாடி நிப்பான், அவ பின்னாடி, என் காலடியில காய்கறிப் பை, அவ மடியில சாப்பாட்டுக் கூடை. ஒரு குடும்பத்தையே அதுல வச்சு ஓட்டுனவன்மா நான். ஒருநாள் கூட அவள பஸ்ஸுக்குன்னு ரோட்டுல நிக்க விட்டதில்ல. அவ அக்கா வீட்டுக்காரரு இருக்காரே, பொண்டாட்டிய ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டு அவரு வண்டியில ஒய்யாரமா தனியா வருவாரு. அந்த மாதிரி ஆளா நான்?

அவளுக்கு வெளிய போகணும்னா என்கிட்டச் சொல்லணும், நான் நேரம் சொல்லுவேன், அந்த நேரத்துக்கு வாசல்ல நிக்கணும். அவ்வளவுதான் சட்டம். கஷ்டமா இது? நீங்களே சொல்லுங்க. அக்கா வீட்டுக்குப் போனா, "இன்னும் செத்த நேரம் இருந்துட்டு வரவா"ம்பா. அப்புறம் யாரு வந்து கூட்டிட்டுப் போறது? கெளம்புன்னுருவேன். கெளம்பிருவா. முகத்துல ஒண்ணும் காட்ட மாட்டா. அப்பல்லாம் நல்ல குணம்.

ஒரே ஒரு தடவதான் ஒரு சின்னத் தப்பு நடந்துச்சு. இருபத்திரெண்டு வருசம் இருக்கும். டவுன்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்புறோம். பையன் அன்னைக்கு வரல. பழங்காநத்தம் தாண்டி ஒரு பங்க்ல பெட்ரோல் போட நிறுத்துனேன். அவ எறங்குனா. போட்டேன், மூடுனேன், மிதிச்சேன், கெளம்பிட்டேன். அன்னைக்கு மில்லுல லேபர் ஆபீசரோட எனக்கு ஒரு தகராறு. அதத்தான் அவகிட்டச் சொல்லிக்கிட்டே வர்றேன். அவன் இப்படிச் சொன்னான், நான் இப்படித் திருப்பிக் குடுத்தேன்னு. பசுமலை வரைக்கும் சொன்னேன். "நீ என்ன சொல்ற?"ன்னு கேட்டேன். பதில் இல்ல. சரி, கோவம் போலன்னு நெனச்சு நான் பாட்டுக்கு மிச்சத்தையும் சொல்லிட்டே வந்தேன். திருப்பரங்குன்றம் ஆர்ச்சுகிட்ட தெரிஞ்ச ஆளு ஒருத்தரு பக்கத்துல சைக்கிள நிறுத்தி, "என்ன சார், யார்கிட்டப் பேசிட்டு வர்றீக?"ன்னாரு. திரும்பிப் பாத்தா சீட்டு காலி!

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நானே இதச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். கல்யாணவீட்டுல எல்லாம் சொல்லுவேன், எல்லாரும் உருளுவாங்க. லேசான உடம்புக்காரி, ஏறுனாளா இல்லியான்னே தெரியாது. வண்டியத் திருப்பிக்கிட்டுப் போனேன். பங்க்ல ஆளக் காணோம். அங்கிட்டும் இங்கிட்டும் தேடிட்டு வீட்டுக்கு வந்தா, எனக்கு முன்னாடி வந்து அடுப்புல ஒலை வச்சிருக்கா! எனக்கு வந்துச்சே ஆத்திரம். "ஏறுறதுக்கு முன்னாடி வண்டி கெளம்புனா ஒரு சத்தம் குடுக்க மாட்டியா?"ன்னு சத்தம் போட்டேன். அதுலருந்து ஒரு ஏற்பாடு. அவ ஏறி உக்காந்ததும் என் முதுகுல ரெண்டு தட்டு தட்டணும். தட்டுனாத்தான் வண்டி நகரும். இருபத்திரெண்டு வருசமா ஒருநாள் தவறாம தட்டிட்டு இருந்தா.

மில்ல மூடி எனக்கும் ரிட்டையராகி மூணு வருசமாச்சு. நான் சும்மா உக்கார்ற ஆளு இல்ல. பசுமலையில சங்க ஆபீஸ் இருக்கு. பழைய தொழிலாளிகளுக்குப் பென்சன் பேப்பர் எழுதிக் குடுப்பேன். காலையில பத்துக்குக் கெளம்புனா ஒண்ணே காலுக்கு வீடு. சோறு சூடா இருக்கணும். இருக்கும். என்னைக்கும் சூடாத்தான் இருந்துச்சு. இப்ப நெனச்சா அதுதாம்மா எனக்கு வயிறு எரியுது. சூடு கூடக் காட்டிக் குடுக்கலியே!

இப்பிடி இருக்கையிலதான், போன ஆடி மாசம், உங்க கண்ணாடிப் பொண்ணு வந்துச்சு. நாலு பாரம், நாலு கவரு. நான் சொன்னேன், குடுங்க பாப்பா, நானே நாலையும் நெரப்பித் தர்றேன், இந்த வீட்ல யாரு எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியாதான்னு. "இல்ல சார், அவங்கவங்கதான் எழுதணும்"னுச்சு. நான் குடும்பத் தலைவர்மான்னேன். "தலைவரும் அவரோடத மட்டும்தான் சார் எழுதணும்"னுச்சு. வாயப் பாருங்க. அப்பவே நான் வாசலக் காட்டியிருக்கணும்.

ஒரு வாரம் ஆச்சு. மகன் எழுதுனான், மருமக அனுசுயா எழுதுனா, தமயந்தி அடுப்படியில உக்காந்து ஏதோ எழுதுனா. எழுதி கவர்ல போட்டு இந்த மேசையில வச்சா. நான் என்ன செஞ்சேன், குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ சரிபாத்துருவோமேன்னு எடுத்தேன். அது தப்பா? டைம் ஆபீஸ்ல ஒரு கார்டு என் கண்ணுல படாம வெளிய போனதில்ல. பழக்கம்.

பிரிச்சேன். செவ்வாய்க்கெழம, காலை பத்து நாப்பது. வீட்டுலருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வழியா மாட்டுத்தாவணி. பஸ். அங்கருந்து திரும்ப வீடு. பன்னெண்டு அம்பது. நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, வேலை, படிப்பு, கடை, மருத்துவம்னு? எதுலயும் டிக் அடிக்கல. 'மற்றவை'ங்கிற கோட்டுல அவ கையெழுத்துல, சும்மான்னு எழுதியிருக்கா. வெள்ளிக்கெழமையும் அதே. சும்மா.

முதல்ல நான் பாத்தது எத தெரியுமா? கூட வந்தவர்னு ஒரு கட்டம் இருக்கே, அத. யாருமில்லைன்னு எழுதியிருந்தா. ஒரு நிம்மதி. நிம்மதின்னா சொல்றேன்? இன்னொரு ஆளு பேரு இருந்திருந்தாக்கூட சண்டை போட ஒருத்தன் கெடச்சிருப்பான். யாருமில்லைன்னா நான் யாரப் போயி அடிக்கிறது?

பாரத்த மடிச்சு உள்ள வச்சுட்டேன். அவகிட்டக் கேக்கல. கையும் களவுமாப் பிடிக்காம கேக்கக் கூடாது, அது ஆபீஸ்ல நான் கத்துக்கிட்டது. அடுத்த செவ்வாய்க்கெழம பத்து மணிக்கு வழக்கம்போலக் கெளம்புனேன். அவ வழக்கம்போல வாசல் வரைக்கும் வந்து, "வெயில்ல அலையாதீங்க"ன்னா. பாத்தீங்களா, என்ன ஒரு நடிப்பு! பசுமலை ஸ்டாப்புக்குப் பக்கத்துல, ஒரு மரத்தடியில ஸ்கூட்டர நிறுத்தி ஹெல்மெட்டக் கழட்டாம நின்னேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் ஒண்ணு வந்துச்சு. முன்கண்ணாடிய ஒட்டுன முதல் சீட்டுல உக்காந்திருக்கா தமயந்தி. கையில பை இல்ல. பக்கத்துல ஆளு இல்ல. முன்னாடி கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிமிந்து உக்காந்திருக்கா. ஏதோ அவதான் பஸ்ஸ ஓட்டுற மாதிரி.

பின்னாடியே போனேன். பழங்காநத்தம் சிக்னல்ல பஸ்ஸுக்குப் பக்கத்துல நெருக்கி நிறுத்துனேன். ஹாரன் அடிச்சேன். பாத்தா. நல்லாப் பாத்தா. ஹெல்மெட் போட்டிருந்தா என்ன, முப்பத்தினாலு வருசம் உக்காந்த ஸ்கூட்டரு தெரியாதா? ரோட்டுல போற யாரையோ பாக்குற மாதிரி ஒரு பார்வை பாத்துட்டு, முகத்த முன்னாடி திருப்பிக்கிட்டா. சிக்னல் விழுந்துச்சு. பஸ் போயிருச்சு. எனக்குப் பின்னாடி ஆட்டோக்காரன் வையிறான். என்னால நகர முடியல. ஏன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. முதுகுல தட்டுவாங்கன்னு நிக்கிறேன். காலிச் சீட்ட வச்சுக்கிட்டு.

துரோகம்மா இது. வேற பேரு இருக்கா இதுக்கு?

சாயங்காலம் மகன், மருமக எல்லாரையும் வச்சுக்கிட்டே கேட்டேன். "இன்னைக்கு எங்க போன?" "பஸ்ல போனேன்"னா. பயமே இல்ல. "எதுக்கு?" "எழுதியிருக்கேனே. படிச்சீங்கல்ல." "யாரப் பாக்கப் போன?" "ரோட்டப் பாக்க." மகன் குறுக்க வர்றான்: "அப்பா, விடுங்கப்பா, அம்மா ஒரு வருசமாப் போகுது, என்ன கெட்டுப்போச்சு?" இவனுக்கும் தெரியும்! அனுசுயா சொல்றா, "மாமா, அத்தை போன் எடுத்துட்டுத்தான் போறாங்க, நாந்தான் எந்த பஸ்னு பாத்துச் சொல்லுவேன்." இவ ஏற்பாடு! பூக்காரிக்குத் தெரியும், எதுத்த வீட்டுக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும். ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல.

"ரோட்டப் பாக்கணும்னா ஸ்கூட்டர்ல பாக்கலாம்ல?"ன்னு கேட்டேன். "ஒருபக்கமாத்தான உக்காந்து வர்றேன், ஒரு பக்கந்தான் தெரியும்"னா. நான் விடுவேனா? "போகையில ஒரு பக்கம், வரையில மறுபக்கம், ரெண்டும் பாத்தாச்சுல்ல?"ன்னேன். சரியான கேள்விதான? அதுக்கு அவ, "எதிர்ல?"ன்னா. "எதிர்ல வர்றதப் பாக்கத்தான் நான் இருக்கேன்ல!"ன்னேன். அப்ப ஒரு மாதிரிப் பாத்தா. பாத்துட்டுச் சொல்றா, "எதிர்ல எனக்குத் தெரிஞ்சது உங்க முதுகு மட்டும்தான்."

சரி, அத்தோட விட்டாளா? "அன்னைக்குப் பங்க்ல விட்டுட்டுப் போனீங்களே, நான் எப்படி வீட்டுக்கு வந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"ன்னா. இருபத்திரெண்டு வருசம் ஆச்சும்மா! "வந்து ஒலை வச்சிட்டியே, அப்புறம் என்னத்தக் கேக்குறது?"ன்னேன். அவ அனுசுயாவப் பாத்துச் சொல்றா, எனக்குச் சொல்லல, அவளுக்குச் சொல்றா. கையில காசு இல்ல, பர்சு என் சட்டைப் பையில இருந்துச்சாம். பங்க்குக்கு வெளிய ஸ்டாப்புல நின்னாளாம். கூடை வச்சிருந்த ஒரு அம்மா, முன்னப் பின்ன தெரியாதவுக, "ஏறு தாயி"ன்னு கூட்டிட்டுப் போயி டிக்கெட் எடுத்துக் குடுத்து முதல் சீட்டுல உக்கார வச்சாங்களாம். "ரோடு என் மடியில வந்து விழுற மாதிரி வந்துச்சு"ங்குறா. "அழுதுகிட்டே ஏறுனேன், எறங்கையில அழுக நின்னு போச்சு. இன்னொரு தடவ போகணும்னு அன்னைக்கே நெனச்சேன். இப்பத்தான் வாச்சுச்சு."

நான் கல்யாணவீட்டுல சொல்லிச் சிரிப்பேனே, அப்பல்லாம் இவ பக்கத்துல உக்காந்து சிரிக்கத்தான் செஞ்சா. அழுதேன்னு ஒரு வார்த்த சொன்னாளா? சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேனா? மனசுல வச்சுக்கிட்டே முதுகுல தட்டியிருக்கா. யாரு யார ஏமாத்துனது, நீங்களே சொல்லுங்க.

ஆனா நான் மனசு விட்டுப் போற ஆளு இல்ல. முன் சீட்டுதான வேணும் இவளுக்கு? இந்தா வாங்கிக்கன்னு அந்தக் காரப் பிடிச்சேன். பழைய காருதான், ஆனா கண்ணாடி மாதிரி வச்சிருந்தான். இந்த வயசுல டிரைவிங் ஸ்கூலுக்குப் போயி, பேரன் வயசுப் பசங்களோட வரிசையில நின்னு கத்துக்கிட்டேன். ஒரு ஞாயித்துக்கெழம பூசையப் போட்டு அவள முன்னாடி உக்கார வச்சு அழகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரோடு எதிர்ல வருதா, வருதான்னு கேட்டுக்கிட்டே போறேன். வருதுன்னா. "கண்ணாடிய எறக்கலாமா?"ன்னா. ஏசி போட்டிருக்கேன், தூசி வரும்னேன். கோரிப்பாளையத்துல ஒருத்தன் குறுக்க விழுந்தான், எறங்கிப் போயி நாலு வாங்கு வாங்கிட்டு வந்தேன். "கொஞ்சம் நிறுத்துங்க, அந்த வெள்ளரிக்கா விக்கிறவகிட்ட"ன்னா. நேரமில்ல, நடை சாத்திருவான்னேன். திரும்பி வந்து, எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "நல்லா இருந்துச்சு"ன்னா. மனசாரச் சொன்னதா நெனச்சேன்.

செவ்வாய்க்கெழம பஸ்ல போயிட்டா.

காரு அப்பருந்து தார்ப்பாய்க்குள்ள கெடக்கு. உங்க பாரத்துல வீட்டு வாகனம்னு கேட்டிருக்கீங்கல்ல, கார் ஒண்ணுன்னு எழுதியிருக்கேன். பொய் இல்ல. இருக்கு.

அப்புறந்தான் யோசிச்சேன். வயசான பொம்பள. பஸ்காரன் பிரேக்கு போட்டா முன்னாடி போயி விழுந்தா யாரு பாக்குறது? முதல் சீட்டு, பிடிக்க ஒரு கம்பிதான். அதனால ஒரு முடிவு பண்ணுனேன். ஆசைப்பட்டுப் போகலம்மா, காவலுக்கு. செவ்வாய், வெள்ளி சங்க ஆபீஸ்ல ஸ்கூட்டரப் போட்டுட்டு, பசுமலை ஸ்டாப்புல அதே பஸ்ல ஏறுறது. நான் டவுன் பஸ் ஏறி முப்பது வருசம் இருக்கும். முதல் நாள் தெரியாம முன்வாசல்ல கால வச்சுட்டேன். "பெரியவரே, பின்னாடி ஏறுங்க"ன்னு கண்டக்டர் கத்துறான். அவ திரும்பிப் பாத்துருவாளோன்னு குனிஞ்சுக்கிட்டே ஓடி ஏறுனேன். ஆயிரத்து எரநூறு பேர கேட்டுல நிறுத்துனவன்!

பின்னாடி நின்னா என்ன தெரியும்? அவ முதுகுதான் தெரியும். முதுகு, கொண்டை, அதுல ஒரு துண்டு மல்லி. முப்பத்தினாலு வருசத்துல அவ முதுக நான் இம்புட்டு நேரம் பாத்ததில்ல. இடது தோள்கிட்ட ஜாக்கெட்டுல தையல் விட்டிருந்துச்சு. வீட்டுக்குப் போயிச் சொல்லணும்னு நெனச்சேன். எப்பிடித் தெரியும்னு கேட்டா என்ன சொல்றது? சொல்லல. ஒரு மாசம் அதே ஜாக்கெட்டு, அதே தையலு. மாட்டுத்தாவணியில எறங்கி, அவ ஒரு டீ வாங்கிக் குடிப்பா. நின்னுக்கிட்டு, தனியா. வீட்ல டீ குடிக்கவே மாட்டா அவ. காப்பிதான். நான் தூணுக்குப் பின்னாடி நின்னு பாக்குறேன், எனக்கும் ஒண்ணு குடிக்கணும்போல இருக்கும். குடிக்க முடியுமா? திரும்பி வந்து, பசுமலையில எறங்கி, ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு ஒண்ணே காலுக்கு வீடு. சோறு சூடா இருக்கும். "சங்கத்துல இன்னைக்கு வேல ஜாஸ்தியா?"ன்னு கேப்பா. ஆமாம்பேன்.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கெழம. நல்ல கூட்டம். சில்லறைய எடுத்து நீட்டுறேன், கண்டக்டரு கையத் தள்ளுறான். "உங்களுக்கு எடுத்தாச்சு பெரியவரே"ன்னு ஒரு டிக்கெட்டக் கிழிச்சு என் சட்டைப் பையில சொருகுறான். யாருப்பா எடுத்ததுன்னேன். முன்னாடி கையக் காட்டுனான். "முதல் சீட்டு அம்மாதான். அவங்களுக்குத்தான் டிக்கெட் இல்லியே, பின்னாடி வெள்ளச் சட்டை போட்டவரு ஒருத்தரு நிப்பாரு, அவருக்குன்னு குடுத்தாங்க."

அவ திரும்பல. மாட்டுத்தாவணி வரைக்கும் திரும்பல. கொண்டைய ஒருதடவ சரி பண்ணிக்கிட்டா, அவ்வளவுதான். எத்தனை நாளாத் தெரியும் அவளுக்கு? முதல் நாளே தெரியுமா? தூணுக்குப் பின்னாடி நின்னதும் தெரியுமா? அன்னைக்கு ஒண்ணே காலுக்கு வீட்டுக்குப் போனேன். சோறு போட்டா. ரசம் ஊத்துனா. "சங்கத்துல வேல ஜாஸ்தியா?"ன்னா. ஆமாம்னேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுத்து வச்சிருக்கா. நானும் கேக்கல, அவளும் சொல்லல.

இந்தா பாருங்க, அந்த முதல் டிக்கெட்டு. சட்டைப் பையில கெடந்து மசங்கிப் போச்சு. உங்களுக்குப் பயண ஆதாரம் எதும் வேணும்னா காட்டலாம்னுதான் வச்சிருக்கேன், வேற ஒண்ணுமில்ல.

அதான் கதை. இப்ப நீங்க மறுபடியும் பாரத்தத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க. இது மகனோடது, இது மருமகளோடது. இது அவளோடது. இந்தத் தடவ கவர ஒட்டிக் குடுத்திருக்கா, பாருங்க. பசை போட்டு. வீட்டுக்குள்ள பூட்டு போட்ட மாதிரி. நான் தொடல. தொட்டா நல்லா இருக்காதுன்னு தொடல. நீங்க எப்பிடியும் பிரிச்சு அந்த மெசின்ல ஏத்தணும்ல? பிரிங்க. நான் பாக்க மாட்டேன். சன்னல் பக்கம் திரும்பிக்கிறேன்.

ஒரே ஒரு கட்டம் மட்டும் வாசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. சட்டத்துல எடமில்லைன்னு சொல்லாதீங்க, நான் அவ புருசன். நோக்கம் வேண்டாம், அது எனக்குத் தெரியும், சும்மான்னுதான் எழுதியிருப்பா. செவ்வாய்க்கெழமைக்கு நேரா, கூட வந்தவர்னு இருக்கே. அதுல என்ன எழுதியிருக்கா?

என்னது?

இன்னொரு தடவ வாசிங்க.

வெள்ளிக்கெழமைக்கு நேரா? அதுலயும் அதேதானா.

டிக்கெட் எடுத்தவம்மா அவ. என் சட்டையச் சொல்லி, ஆளக் காட்டி, எடுத்தவ. எடுத்துக் குடுத்துட்டு, யாருமில்லைன்னு எழுதியிருக்கா. பசை போட்டு ஒட்டியிருக்கா.

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. ஃபேன கொறச்சு வைக்கிறேன்.

இந்தாங்க, இது என் பாரம். அதுல செவ்வாயும் வெள்ளியும் மட்டும் எழுதாம வச்சிருக்கேன். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. பசுமலையிலருந்து மாட்டுத்தாவணி. பஸ். நோக்கத்துல சும்மான்னு எழுதாதீங்க. உங்க பாரத்துலயே ஒரு கட்டம் இருக்கு பாருங்க, 'வேறொருவரைக் கொண்டுபோய் விடுதல்'னு. அதுல டிக் அடிங்க. அதத்தான் நான் முப்பத்தினாலு வருசமாச் செய்யிறேன். கூட வந்தவர், மனைவி. தெளிவா எழுதுங்க, மனைவி.

ரெண்டு பாரமும் ஒத்துப்போகலியேன்னு உங்க ஆபீஸ்ல கேப்பாங்க. கேக்கட்டும். ஒரே பஸ்ஸு, ஒரே நேரம், ஒருத்தரு கூட வந்தேங்குறாரு, ஒருத்தி யாரும் வரலங்குறா, எது சரின்னு கேட்டா, அந்தம்மா எழுதுனதுதான் தப்புன்னு சொல்லுங்க. முப்பத்தோரு வருசம் டைம் ஆபீஸ் பாத்த ஆளு சொன்னாருன்னு சொல்லுங்க.

கேட்டு சத்தம் கேக்குது. வந்துட்டா. கவர மூடிருங்க, சீக்கிரம் மூடுங்கம்மா. அந்த டிக்கெட்ட பாரத்தோட சேத்துப் பின் அடிச்சிராதீங்க. அத இங்கிட்டுக் குடுத்துருங்க.